கிழத்தி என்று பாடியவருக்கும் அமுது படைத்த தாய்

பெற்று, பாலூட்டி, படிக்கவைத்து, மணம் முடித்து ஆளாக்கிய பிள்ளை ஒரு நாளேனும் 'நன்றி' என்று சொன்னதுண்டா? வயது முதிர்ந்த பெற்றோர் பலருடைய நெஞ்சில் இந்தக் கேள்வி முள்ளாய்க் கிடக்கிறது. வாய்விட்டுக் கேட்கத் தன்மானம் இடம் தருவதில்லை. கேட்காமல் இருந்துவிடவும் மனம் ஒப்புவதில்லை. சந்நிதியில் கண்மூடி நிற்கும்போதுதான் அது வெளியே வருகிறது. 'தாயே, என் கடமையில் என்ன குறை வைத்தேன்?' என்று எத்தனையோ பேர் ஆலயத் தூண்களின் ஓரமாய் நின்று விம்மியிருப்பார்கள்.

அந்த விம்மலுக்கு விடை சொல்வதற்கென்றே அமைந்தது போன்ற திருத்தலம் ஒன்று கடலூர் மாவட்டத்தில் உண்டு. மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதரும் பெரியநாயகியும் எழுந்தருளியுள்ள திருமுதுகுன்றம் அது. இன்றைய பெயர் விருத்தாசலம். விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் மலை. ஊரின் பெயரிலும், இறைவனின் பெயரிலும், அம்பிகையின் விருத்தாம்பிகை என்னும் திருநாமத்திலும் முதுமையே குடிகொண்டிருக்கிறது. முதியவர்களின் மனக்குறையைக் கேட்க இதனினும் உரிய இடம் எது?

இந்தத் தலத்தோடு தொடர்புடைய அருள் வரலாறுகள் மூன்றைச் சேர்த்து நினைத்துப் பார்த்தால், கொடுப்பதில் மூன்று வகை உண்டு என்பது விளங்கும். பிள்ளை வளர்ப்பு அவற்றுள் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெளிந்துவிட்டால் நெஞ்சின் பாரம் பாதி குறைந்துவிடும்.

வன்னி இலையில் அளந்த கூலி

முதலாவது, விபசித்து முனிவரின் வரலாறு. பழமலைநாதருக்குத் திருப்பணி செய்ய விரும்பிய இம்முனிவரிடம் பொருள் இல்லை. தல விருட்சமாகிய வன்னி மரம் ஒன்றே துணை. பகலெல்லாம் கல் சுமந்தும் மண் அள்ளியும் உழைத்தவர்களுக்கு, மாலையில் அம்மரத்தின் இலைகளை அள்ளிக் கொடுப்பாராம். வாங்கியவர் கையில் அவை பொற்காசுகளாக மாறும். அதிகம் உழைத்தவருக்கு அதிகம். குறைவாக உழைத்தவருக்குக் குறைவு. எவருக்கும் உழைப்புக்கு மேல் ஒரு காசு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பது தல வரலாறு.

மாசி மகப் பெருவிழாவின் ஆறாம் நாளில் இம்முனிவருக்கு இறைவன் காட்சி தரும் வைபவத்தை இன்றும் பக்தர்கள் திரளாகக் கூடித் தரிசிக்கின்றனர்.

இது கூலியின் நியாயம். செய்த வேலைக்கு ஏற்ற ஊதியம், அன்றன்றைக்கே, அளந்து. உலக வாழ்வு நடப்பதற்கு இந்த நியாயம் கட்டாயம் வேண்டும். உழைத்தவனின் வியர்வை உலரும் முன் கூலி கொடுப்பது அறம்.

ஆனால் வீட்டுக்குள் வந்தபிறகும் பெற்றோரின் மனம் பல நேரங்களில் இந்த வன்னி இலைக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனை இரவுகள் கண்விழித்தேன், இத்தனை நகைகளை அடகு வைத்தேன், பதிலுக்கு எத்தனை இலைகள் வந்தன என்று எண்ணிப் பார்க்கிறது. எண்ணத் தொடங்கினால் கணக்கு ஒருநாளும் நேராவதில்லை. பாலுக்கும் கண்விழிப்புக்கும் ஈடான காசை எந்த மரமும் இதுவரை உதிர்த்ததில்லை.

மாற்று உரைத்துப் பார்த்த தோழர்

இரண்டாவது, சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறு. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இதை விரிவாகவே பாடியுள்ளார். திருவாரூரில் பரவையார் செய்யும் அறச்செலவுகளுக்குப் பொன் வேண்டியிருந்தது. சுந்தரர் திருமுதுகுன்றத்து இறைவனைப் பாடிக் கேட்டார். 12,000 பொற்காசுகள் கிடைத்தன.

பெற்றுக்கொண்டவர் அத்துடன் நிற்கவில்லை. இவ்வளவு பொன்னையும் யார் சுமப்பது? திருவாரூரிலேயே கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்று அடுத்த விண்ணப்பம் வைத்தார். மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு அருள்வாக்கு எழுந்தது. ஆற்றில் போடும் முன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதிலிருந்து ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். கமலாலயத்தில் இறங்கித் தேடியபோது பொன் உடனே அகப்படவில்லை, பாடினார். அகப்பட்ட பொன்னை உரைத்துப் பார்த்தால் மச்சத்தைவிட மாற்றுக் குறைவாக இருந்தது, மறுபடியும் பாடினார். மாற்று நேரான பிறகே மனம் நிறைந்தார்.

கொடுத்தவரையே சோதித்துப் பார்க்கும் இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? தம்பிரான் தோழர் என்னும் உரிமையிலிருந்து வந்தது. கேட்டால் கிடைக்கும், குறைந்தால் நிறைவு செய்யப்படும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அந்நியரிடம் கைநீட்டுகிறவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போவார். உரிமை உடையவரே மாற்று உரைத்துப் பார்ப்பார். சுந்தரரின் கோபத்தையும் குறையையும் இறைவன் நன்றி கெட்ட செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அவை இன்று ஏழாம் திருமுறையில் தெய்வப் பாடல்களாக நிற்கின்றன.

சாம்பாரில் உப்புக் குறைந்தால் தாயிடம் முகம் சுளிக்கும் மகன், விருந்துக்குப் போன வீட்டில் வாய் திறப்பதில்லை. வெளியில் அடக்கமாகப் பேசும் மகள், தந்தையிடம் மட்டும் குரலை உயர்த்துகிறாள். இது நல்ல பழக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், திருத்தத்தான் வேண்டும். ஆயினும் அதனுள்ளே ஒரு நம்பிக்கை மறைந்திருப்பதையும் காண வேண்டும். எப்படிப் பேசினாலும் இந்த இடத்தில் நான் தள்ளப்படமாட்டேன் என்ற உறுதி அது. அந்த உறுதியைப் பிள்ளையின் மனத்தில் ஊன்றியவர்களே பெற்றோர்தாம்.

பசித்தவர் பாடினார், தாய் வந்தாள்

மூன்றாவது வரலாறே இத்தலத்து அன்னையின் உள்ளத்தைக் காட்டுவது. திருவண்ணாமலைக் குகை நமசிவாயரின் சீடர் குரு நமசிவாயர். குருவின் ஆணையை ஏற்றுச் சிதம்பரத்துக்கு நடந்து செல்லும் வழியில் முதுகுன்றத்தில் தங்கினார். நள்ளிரவில் பசி வாட்டியது. கேட்பதற்கு அக்கம்பக்கத்தில் யாருமில்லை. பெரியநாயகியை நினைத்து, கிழத்தி என்று மீண்டும் மீண்டும் விளித்து, சோறு கொண்டு வரும்படி பாடினார்.

தடியூன்றிய ஒரு மூதாட்டியாக அன்னை எதிரே வந்து நின்றாள். கிழவி, கிழவி என்று பாடினால், தள்ளாத கிழவியால் சோறும் தண்ணீரும் எப்படிச் சுமந்து வர முடியும்? இளமையாகப் பாடு என்றாள். குரு நமசிவாயர் அன்னையின் இளமையைப் போற்றி மறுபடியும் பாடினார். மூதாட்டி இளநங்கையாக மாறி அமுது படைத்து, பசி தீர்த்து மறைந்தாள். பெரியநாயகி சந்நிதியோடு இளையநாயகியாகிய பாலாம்பிகைக்கும் இத்தலத்தில் தனிச் சந்நிதி இருப்பதற்கு இந்த வரலாற்றையே காரணமாகச் சொல்வர்.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை இரண்டு. கிழத்தி என்னும் சொல்லுக்குத் தமிழில் உரிமையுடையவள், தலைவி என்பது பழம்பொருள். கிழமை என்றால் உரிமை. தொல்காப்பியம் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றே குறிக்கும். குரு நமசிவாயர் பாடியது உரிமையை. அன்னை விளையாட்டாக எடுத்துக்கொண்டது முதுமையை. பிள்ளைகள் ஒன்றைச் சொல்லப் பெற்றோர் காதில் வேறொன்றாக விழுவது அம்பிகைக்கும் நேர்ந்திருக்கிறது என்று எண்ணினால் சிரிப்பு வருகிறது, ஆறுதலும் வருகிறது. மற்றொன்று, அன்னை கேட்டது நன்றியை அல்ல. தன்னைக் கொஞ்சம் பார்த்துப் பாடு என்றுதான் கேட்டாள். தடியூன்றி நிற்கிறேனே, இந்தத் தள்ளாமை உன் கண்ணில் பட்டதா என்பதுதான் அக்கேள்வியின் பொருள்.

முதிய பெற்றோரின் ஏக்கமும் உண்மையில் அதுவே. நன்றி என்ற சொல்லைக் காட்டிலும், தாங்கள் கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வையே அவர்கள் தேடுகிறார்கள். அம்மா சாப்பிட்டாயா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்ற கேள்வி போதும். முதுமை அரை நொடியில் இளமையாகிவிடும்.

சொல்லுதல் அன்று, அறிதல்

தமிழ்க் குடும்பங்களில் தாய்க்கு நன்றி சொல்லும் வழக்கம் முன்பு இருந்ததில்லை. சொன்னால் அது அந்நியமாக ஒலித்தது. லண்டனிலும் சிங்கப்பூரிலும் வளரும் பேரப்பிள்ளைகள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாலும் 'தேங்க்யூ பாட்டி' என்கிறார்கள். அதைக் கேட்டு மகிழும் பாட்டிக்கு, தான் பெற்ற மகன் அப்படிச் சொன்னதே இல்லையே என்ற நினைவும் எழுகிறது. மகன் வளர்ந்த காலத்தின் வழக்கு வேறு, பேரன் வளரும் நாட்டின் வழக்கு வேறு என்று கொள்வதே பொருத்தம்.

திருவள்ளுவர் இதற்கு வகுத்த அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றியறிதல். 'நன்றி' என்பதற்கு அங்கே பொருள், செய்யப்பட்ட நன்மை என்பதே. அதை அறிதல்தான் அறமாகச் சொல்லப்பட்டது. தான் முன்பு எந்த உதவியும் பெறாதிருந்தும் ஒருவர் செய்யும் உதவிக்கு மண்ணும் விண்ணும் ஈடாகா என்று அந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார் வள்ளுவர். பிறந்த குழந்தை பெற்றோருக்கு முன்னதாக எந்த உதவியும் செய்திருக்கவில்லை. ஆகவே பெற்றோர் செய்ததற்கு ஈடு கட்ட எந்தப் பிள்ளையாலும் முடியாது. முடியாத ஒன்றைப் பிள்ளையிடம் எதிர்பார்த்து ஏங்குவதில் பயனில்லை.

மக்கட்பேறு அதிகாரத்தில், மகன் தந்தைக்குச் செய்யும் உதவி எது என்பதையும் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட மகனைப் பெற இவன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று ஊரார் வியக்கும்படி வாழ்வதே அது. அதாவது பிள்ளையின் நன்றி பெற்றோரை நோக்கிப் பேசப்படுவதில்லை. ஊரார் வாயிலாகச் சுற்றி வந்து சேர்கிறது. மணிமுத்தாற்றில் போட்ட பொன் திருவாரூர்க் குளத்தில் கிடைத்ததைப் போல, கொடுத்த இடம் ஒன்றாகவும் கிடைக்கும் இடம் வேறாகவும் இருக்கலாம்.

பொம்மையும் அச்சும்

விருத்தாசலத்துக்கு ஆலயம் ஒரு பெருமை என்றால் பீங்கான் மற்றொரு பெருமை. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இவ்வூரில் உள்ளன. அகல் விளக்குகள், ஊறுகாய் ஜாடிகள், மின்சார ஃபியூஸ் கட்டைகள், நவராத்திரிக் கொலுவுக்கான பொம்மைகள் எனப் பலவும் இங்கிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன.

கொலுப் பொம்மை உருவாகும் விதம் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. களிமண்ணை மற்றக் கனிமப் பொடிகளோடும் நீரோடும் சேர்த்து நைய அரைத்துக் குழம்பாக்குகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் செய்த அச்சுக்குள் அந்தக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சு, குழம்பிலுள்ள நீரைத் தன்னுள் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் அச்சின் உட்சுவரை ஒட்டிக் களிமண் படிந்து இறுகுகிறது. உள்ளே மிஞ்சிய குழம்பை வெளியே கொட்டிவிட்டு, பதமாக இறுகியபின் அச்சைப் பிரித்தால் பொம்மை உருவாகியிருக்கும். பிறகு பிசிறு நீக்கி, நிழலில் உலர்த்தி, சூளையில் ஏற்றுகிறார்கள். நன்கு வெந்த பீங்கானுக்குச் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வெந்துவிட்டதா என்று பார்க்கும் அவசரத்தில் சூளையை முன்னதாகத் திறந்தால், குளிர்ந்த காற்றுப் பட்டு எல்லாம் விரிசல் கண்டுவிடும். தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

பொம்மை வண்ணம் பூசிக்கொண்டு யாரோ ஒருவர் வீட்டுக் கொலுப்படியில் அமர்கிறது. அனைவரும் அதன் அழகைப் புகழ்கிறார்கள். அச்சு பட்டறையிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு முறை நீரை உறிஞ்சி உலரும்போதும் அதன் விளிம்பு சிறிது தேய்கிறது. நுணுக்கங்கள் மழுங்கியபின் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். பொம்மையின் முகத்தில் தெரியும் புன்னகை முதலில் அந்த அச்சில் இருந்தது என்பதைக் கொலு பார்க்க வருகிறவர் யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் அந்தப் புன்னகை அச்சினுடையதே. அதை மாற்ற முடியாது.

பிள்ளையின் நேர்மையில், விருந்தினரை வரவேற்கும் பண்பில், கோயிலைக் கடக்கும்போது தானாக உயரும் கையில் பெற்றோரின் அச்சுப் பதிந்திருக்கிறது. வாய் சொல்லாத நன்றியை வாழ்க்கை சொல்லிக்கொண்டிருக்கும். சூளை ஆறும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். பல பிள்ளைகளுக்கு அது, தாமும் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் நடக்கும்போதுதான் புரிகிறது.

பொறுமை வேறு, புறக்கணிப்பு வேறு

இவ்வளவும் சொன்னதால், பிள்ளைகள் எப்படி நடந்தாலும் பொறுத்துப்போக வேண்டும் என்று பொருளல்ல. நன்றி சொல்லாத பிள்ளை வேறு. சோறு போடாத பிள்ளை வேறு. சொல் இல்லாமற்போனால் மனவருத்தம். மருந்தும் உணவும் இல்லாமற்போனால் அது அநீதி. அநீதியை விதி என்று ஏற்றுக்கொள்ளும்படி எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துப் பிள்ளைகளிடமிருந்து மாதந்தோறும் பராமரிப்புத் தொகை பெற அது வழி செய்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றுக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கவும் இடமுண்டு. மூத்த குடிமக்களின் உதவிக்கென 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இயங்குகிறது. இவற்றைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரியநாயகியும் தன் தள்ளாமையை மறைத்துக்கொள்ளவில்லை. எதிரே வந்து நின்று எடுத்துச் சொன்னாள்.

காலம் கடந்த பச்சை வாழைமட்டை

பிள்ளைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. பட்டினத்தடிகள் மாளிகையை, மனைவியை, கடலளவு செல்வத்தைத் துறந்து கோவணத்தோடு வெளியேறியவர். அவராலும் துறக்க முடியாத உறவு ஒன்று இருந்தது. தாய் இறந்த செய்தி அறிந்ததும் சுடுகாட்டுக்கு விரைந்து வந்தார். உலர்ந்த விறகை விலக்கிவிட்டுப் பச்சை வாழைமட்டைகளை அடுக்கித் தாயின் உடலைக் கிடத்தினார். பத்து மாதம் சுமந்ததையும், பாலூட்டியதையும், தோளிலும் மடியிலும் தொட்டிலிலும் தாங்கியதையும் நினைந்து நினைந்து பாட, பச்சை மட்டைகள் தீப்பற்றி எரிந்தன என்பர்.

ஞானியின் பாடலுக்கு நெருப்பு இரங்கியது. ஆனால் அந்தப் பாடலைக் கேட்கத் தாய்க்குச் செவி இல்லை. அவ்வளவு அன்பையும் நெஞ்சில் வைத்திருக்கும் பிள்ளைகள், அதில் ஒரு சொல்லையேனும் தாய் இருக்கும்போதே சொல்லிவிடலாம். தொலைபேசியில் இரண்டு நிமிடம் போதும்.

நன்றி கற்பிக்கப்படும் இடம்

பிள்ளைகள் நன்றியைக் கற்பது அறிவுரையால் அன்று, பார்த்துப் பழகுவதால். மாமியாரின் கைப்பக்குவத்தை மருமகள் புகழ்வதைக் கேட்கும் பேத்தி அதைக் கற்கிறாள். பால் கொண்டுவருபவரையும் துப்புரவுப் பணியாளரையும் பெயர் சொல்லி, மரியாதையோடு தாத்தா அழைப்பதைப் பார்க்கும் பேரன் அதைக் கற்கிறான். மகன் மின்கட்டணம் செலுத்தியதையும், மாத்திரை தீரும் முன் மருமகள் வாங்கிவைத்ததையும் பெரியவர்களே முதலில் வாய்விட்டுப் பாராட்டினால், இளையவர்களின் வாய்ப்பூட்டும் மெல்லத் திறக்கும். முதுமைக்குரிய பெருந்தன்மை அது.

அதற்கெல்லாம் முன்பாகத் தம்மிடமே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. வேலை வேண்டும், வரன் அமைய வேண்டும், நோய் தீர வேண்டும் என்று கேட்க ஆலயத்துக்கு ஓடிய நாட்கள் எத்தனை? ஒன்றும் கேட்காமல், கிடைத்ததற்காக மட்டும் விளக்கேற்றிவிட்டு வந்த நாட்கள் எத்தனை? கேட்டு வாங்கியதை மறந்துபோன குழந்தைகளாகவே இறைவன் முன் எல்லோரும் நிற்கிறார்கள். அதற்காக மறுநாள் சூரியன் உதிக்காமல் இருந்ததில்லை.

முதுகுன்றத்துக்கு வரும் அன்பர்கள், தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கி ஆழத்துப் பிள்ளையாரை முதலில் வணங்குவது மரபு. வேறு தலங்களில் படியேறி வணங்கும் கணபதியை இங்கே இறங்கிச் சென்றே காண முடியும். மனத்தையும் அவ்வாறே சற்றுக் கீழிறக்கி, பழமலைநாதரை வழிபட்டபின் பெரியநாயகியின் சந்நிதியில் நிற்கும்போது, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, அவர்களைத் தந்ததற்காக அன்னைக்கு நன்றி சொல்லலாம். வேண்டுதல் எதையும் அன்றைக்குச் சேர்க்க வேண்டாம். பிறகு இளையநாயகியின் சந்நிதிக்குச் சென்று, குரு நமசிவாயரின் பசியைத் தீர்த்த அந்தக் கைகளை நினைத்து ஒரு கணம் நின்றுவிட்டு வீடு திரும்பலாம். அன்றிரவு மகனுக்கோ மகளுக்கோ தட்டில் சோறு இடும்போது, கை இன்னும் சற்றுத் தாராளமாகவே இடும்.